எட்டடிக்கு மேலே சுவர் இல்லை

மாதா துணை

முதல் வீடு, மில் லைன்,
ஆரல்வாய்மொழி.
ஆடி 11, ஞாயிறு

அன்பு மகள் ஷிபாவுக்கு அம்மா எழுதுவது.

இங்கே நான் சுகம், என் இருமலும் சுகம், அது என்னை விட்டுப் போவதாக இல்லை. நீயும் மருமகன் ஜெபிஷும் பேத்தி ஜாஸ்பினும் மஸ்கட்டில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று காலைத் திருப்பலியில் ஒப்புக்கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். இந்தக் காலத்தில் யாரம்மா கடிதம் எழுதுவார்கள் என்று கேட்பாய். போனில் நான் ஒன்று சொல்வதற்குள் நீ மூன்று சொல்கிறாய், அம்மா கேளு, அம்மா கேளு என்று கடைசியில் நான்தான் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது. காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. நாலாம் வீட்டு மெஹ்ருன்னிசாவின் மகன் யாசிர் லீவு முடிந்து வியாழக்கிழமை மஸ்கட்டுக்குத் திரும்புகிறான், அவன் கையில் இதையும் ஏத்தங்காய் சிப்ஸும் கொடுத்துவிடுகிறேன். சிப்ஸை ஜாஸ்பினிடம் கொடுத்துவிட்டு நீ இதை எடுத்துக்கொண்டு ஒரு இடத்தில் உட்கார்.

ஜூன் மாதம் அந்த ஞாயிற்றுக்கிழமை நீ பேசிக்கொண்டிருக்கும்போதே நான் போனை வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு ஆறு வாரமாய் சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா என்பதோடு இருவரும் நிறுத்திக்கொள்கிறோம், மிச்ச நேரத்துக்கு ஜாஸ்பினைக் கூப்பிட்டு அவள் பல் விழுந்த கதையைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். போனை வைத்தது என் தப்பு. ஆனால் நீ சொன்னதும் அப்படிப்பட்ட சொல். “ஒருநாளு அந்த ஓடு உன் தலையில விழும், நீ தனியா கெடப்ப, நாலு நாளு கழிச்சுத்தான் ஆளுக்குத் தெரியும்” என்றாய். அது கோபத்தில் வந்த சொல், கோபத்துக்கு அடியில் பயம் இருந்தது, எனக்குத் தெரியாதா. ஆனாலும் முள் முள்தான், இத்தனை நாளும் குத்திக்கொண்டே கிடந்தது. இப்போது என்னிடம் அதற்குப் பதில் இருக்கிறது. அதற்கு முன்னால் முடிவைச் சொல்லிவிடுகிறேன், நீ பக்கத்தைப் புரட்டித் தேட வேண்டாம். வீட்டை இடிக்கவில்லை. இடிக்கப்போவதும் இல்லை. நீ வரைந்து அனுப்பிய இரண்டு மாடிப் பிளான் பெட்டிக்குள் உன் ஞானஸ்நானச் சீட்டுக்குப் பக்கத்தில் பத்திரமாக இருக்கிறது.

நீ ஏற்பாடு செய்த அருமனைக் காண்டிராக்டர் அனீஷ் நல்ல மனிதர்தான், செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். டார்ச் அடித்து மேலே பார்த்தார். நமக்கும் இரண்டாம் வீட்டுக்கும் பொதுவான நடுச்சுவரின் மேல்பாகம் வயிறு தள்ளி நிற்பதைக் காட்டினார். உத்திரம் அந்தச் சுவரைத் தொடும் இடத்தில் ஸ்க்ரூ டிரைவரால் குத்தினார், புட்டுக்குள் விரல் போவது போல அது உள்ளே போயிற்று. “அம்மா, செவரு உப்பியாச்சு, உத்திரம் போயாச்சு. எழுபத்தஞ்சு வருசத்து வீடுல்லா, இதுக்க ஆயுசு முடிஞ்சாச்சு” என்றார். திங்கட்கிழமை ஜேசிபி வரும் என்று நாளும் குறித்தார். நானும் தலையாட்டினேன், பொய் சொல்ல மாட்டேன். உன் பிளானில் குளியலறையும் கக்கூசும் வீட்டுக்குள்ளேயே இருந்தது எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு பின்வாசல் வழியாகப் போய்வர என் கால் முட்டுக்கு இனித் தெம்பில்லை.

அப்போது இரண்டாம் வீட்டுப் பிரிஜா கைப்பிள்ளையோடு வாசலில் வந்து நின்றாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்த வீட்டுக்கு மருமகளாய் வந்தவள், நீ கல்யாணத்துக்கு வராததால் உனக்கு முகம் தெரியாது. தோவாளைச் சந்தையில் பூ வாங்கிவந்து வீட்டிலிருந்து மாலை கட்டிக் கொடுக்கிறாள், வாய் அதிகம் பேசாத பெண். அவள் சண்டை ஒன்றும் போடவில்லை. “அப்போ எங்க கூரை?” என்று மட்டும் கேட்டாள். அனீஷ், “தார்ப்பாய் கெட்டித் தாரேன் பிள்ளே, நீ பேடிக்காதே” என்றார். எனக்கு அங்கேதான் சுருக்கென்றது. ஆடி வரப்போகிறது, ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று, இந்த வட்டாரத்துக் காற்றாடி அத்தனையையும் சுற்றவைக்கிற காற்று, அதற்கு அவர் தார்ப்பாய் கட்டப்போகிறாராம். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, ரப்பர் தோட்டத்துக்கு நடுவில் பிறந்தவர். நீ இங்கே பிறந்தவள், உனக்குத் தெரிய வேண்டும்.

நீ வளர்ந்த வீட்டை உனக்கே விளக்குகிறேன் என்று சிரிக்காதே. பன்னிரண்டு வீடு, மேற்கிலிருந்து கிழக்காக ஒரே வரிசை, ஒரே கூரை. மேற்குக் கடைசி நம்முடையது. காற்று வரும் பக்கம் அது. நம் மேற்குச் சுவரின் கனம் என்ன தெரியுமா? உன் பழைய டேப்பை எடுத்து நானே அளந்தேன், இருபத்தேழு அங்குலம். லைனில் வேறு எந்தச் சுவரும் ஒன்பது அங்குலத்துக்கு மேல் இல்லை. அதற்கு வெளியே சாய்வாக இரண்டு முட்டுச்சுவர் கொடுத்திருக்கிறார்கள், நீ ஏறிச் சறுக்கி விளையாடிப் பாவாடையைக் கிழித்துக்கொண்டு வருவாயே, அதுதான். மேற்கே ஒரு ஜன்னல்கூட இல்லை. கூரையும் நம் வீட்டில் மட்டும் மேற்குப் பக்கமாகத் தாழ்ந்து இறங்குகிறது. வருகிற காற்று நம் வீட்டில் மோதி, சரிவில் ஏறி, மற்றப் பதினொரு வீட்டின் தலைக்கு மேலே போய்விடும். உத்திரமும் அப்படித்தான், முதல் வீட்டில் தொடங்கிப் பன்னிரண்டாம் வீட்டில் போய் முடிகிறது, துண்டு துண்டாகச் சேர்த்த அயனி மரம், ஒவ்வொரு சேர்ப்பும் ஒவ்வொரு நடுச்சுவரின் மேல் உட்கார்ந்திருக்கிறது. நம் வீட்டை மட்டும் பிடுங்கி எடுத்தால் மாலையின் முதல் முடிச்சை அவிழ்த்த கதைதான். அன்றைக்குப் பிரிஜா வீட்டுக் கூரை, அடுத்த வருஷம் மூன்றாம் வீடு. உன் பிளானில் அந்த மேற்குச் சுவரில் ஆறடிக்கு ஒரு கண்ணாடி ஜன்னல் போட்டு ‘வியூ’ என்று எழுதியிருக்கிறாய். ஆடியில் மணலை வாரிக் கண்ணாடியில் அடிக்கும்போது ஜாஸ்பினுக்கு என்ன வியூ தெரியும் மக்கா? ஏசி அறையில் இருந்து வரைந்ததால் காற்று காகிதத்தில் படவில்லை, மற்றபடி உன் படிப்பை நான் குறை சொல்லவில்லை.

மறுநாள் காலையில் பிரிஜா வீட்டு ஏணியை வாங்கிப் போட்டு நானே மேலே ஏறினேன். இதை வாசிக்கும்போது உன் முகம் போகிற போக்கு எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. அறுபத்து நாலு வயதில் ஏறியாயிற்று, இறங்கியாயிற்று, அது நடந்து ஆறு வாரமும் ஆயிற்று, இனித் திட்டிப் பிரயோஜனம் இல்லை. பிரிஜா கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டாள். அனீஷ் உப்பிய சுவர் என்று காட்டிய இடத்தில் கையை வைத்து அமுக்கினேன். அமுங்கியது. செங்கல் எங்கேயாவது அமுங்குமா? அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. நம் நடுச்சுவர்கள் எட்டடி உயரம்தான். அதற்கு மேலே சுவர் கிடையாது, ஓடு வரைக்கும் முக்கோணமாய்த் திறந்த இடம், பன்னிரண்டு வீட்டுக்கும் மேலே ஒரே வெளி. அப்படித்தான் கட்டினார்கள். அந்தத் திறப்பை அடைத்தவள் நான். நகத்தால் சுண்ணாம்பைச் சுரண்டினேன், சாக்குத் துணி கிழிந்தது, உள்ளேயிருந்து கழிவுப் பஞ்சு பிதுங்கி என் கையில் விழுந்தது. கருத்து, நனைந்து, எலி நாற்றம் நாறிக்கொண்டு.

நீ பிளஸ் டூ படித்த வருஷம் உனக்கு ஞாபகம் இருக்கும். இரண்டாம் வீட்டில் பிரிஜாவின் மாமனார் நைட் ஷிப்ட் முடித்து வந்து பகலெல்லாம் குறட்டை, மூன்றாம் வீட்டில் ரேடியோ, அதற்கு அப்பால் யார் வீட்டிலோ புருஷன் பெண்டாட்டிச் சண்டை, எல்லாம் மேலே வழியாக நம் வீட்டுக்குள் இறங்கும். “ஊரே என் தலைக்கு மேல இருந்து பேசுது, நான் எப்படிப் படிக்க?” என்று புத்தகத்தைத் தூக்கிப் போட்டு அழுதாய். உன் அப்பா, “அடைக்காதே வியாகுலம், அது காத்துக்கு விட்டதாக்கும்” என்றார். அவர் சொல்லை என்றைக்கு நான் கேட்டேன்? மில்லில் தலையணைக்கு என்று கழிவுப் பஞ்சு கேட்டால் சீட்டு எழுதித் தருவார்கள், கேட்டில் சீட்டைக் காட்டி எடுத்து வரலாம். ஒன்பது சாக்கு எடுத்துவந்தேன். ஒன்பதாவது சாக்குக்கு வாட்ச்மேன், “உங்க வீட்டுல எத்தனை தலை?” என்று கேட்டார். அதையெல்லாம் எட்டடிச் சுவரின் மேல் அடுக்கி, முன்னால் சாக்குத் துணியை இழுத்து ஆணியடித்து, சுண்ணாம்பும் பூசிவிட்டேன். வீடு அமைதியானது. நீ மார்க்கும் வாங்கினாய். பஞ்சு அடைத்தால் மார்க் வரும் என்று லைன் முழுக்கப் பேச்சு, ஆறு மாதத்துக்குள் பன்னிரண்டு வீட்டிலும் அடைத்துவிட்டார்கள். முதல் கோணல் முற்றும் கோணல் என்பார்களே, அந்த முதல் கோணல் உன் அம்மாதான்.

இதில் எனக்கு எரிச்சல் என்னவென்றால், பஞ்சைப் பற்றி எனக்குத் தெரியாமல் இல்லை. இருபத்தெட்டு வருஷம் மில்லில் நூல் சுற்றுகிற ரீலிங்கில் நின்றவள். நூல் அறாமல் இருக்க மில்லுக்குள் புகை போல நீரைத் தெளித்துக்கொண்டே இருப்பார்கள், பஞ்சு அதைக் குடித்துக் குடித்துக் கனக்கும், அதைத் தினமும் கையில் வாங்கிப் பார்த்தவள். மற்றவர்கள் அடைத்திருந்தால் தெரியாமல் செய்தார்கள் என்று சொல்லலாம், மில்காரி அடைக்கலாமா? மழையில் ஓட்டின் வழியே இரண்டு சொட்டு விழத்தான் செய்யும், முன்பெல்லாம் மேலே போகிற காற்று அதை அன்றைக்கே காயவைத்துவிடும். பஞ்சு அதைக் குடித்து வைத்துக்கொண்டு பத்தொன்பது வருஷமாய் உத்திரத்துக்குப் புகட்டியிருக்கிறது. வீடு கிழடாகி வந்த நோய் என்று அனீஷ் நினைத்தார், நீயும் நினைத்தாய். நான் வைத்த நோய் அது. உப்பைத் தின்றவள் தண்ணீர் குடிக்கத்தானே வேண்டும். அதனால்தான் அனீஷிடம் ஜேசிபி வேண்டாம் என்றேன், அவர் உன்னைக் கூப்பிட்டார், நீ என்னைக் கூப்பிட்டாய், நான் போனை வைத்தேன்.

வைத்த கையோடு ஏழாம் வீட்டு மரியான் அண்ணனைக் கூட்டி வந்தேன். மில்லில் தச்சு வேலை பார்த்தாரே, அவர்தான். வாய் நீளம், ஆனால் வேலையில் நேர்த்தி. பஞ்சைப் பார்த்ததும், “நல்ல காரியம் செஞ்ச வியாகுலம், ஈரத்துணியைச் சுத்திக் கெட்டிக்கிட்டு காய்ச்சலு காய்ச்சலுன்னு நிண்ணிருக்கோம்” என்றார். பிறகு சாக்குகளை எல்லாம் இறக்கிவிட்டு, உத்திரத்தில் ஒரு சாணுக்கு ஒரு ஆணி என்று அடித்துப் பார்த்துக்கொண்டே போனார். நடுச்சுவரை ஒட்டி ஒரு முழம்தான் உளுத்திருந்தது. அதற்கு அப்பால் ஆணி இறங்கவே இல்லை, வளைந்து திரும்பி நின்றது. அந்த ஆணியை இந்தக் கவருக்குள் வைத்திருக்கிறேன். யாசிரிடம் பெட்டியில் போடச் சொல்லியிருக்கிறேன், கைப்பையில் கொண்டுபோனால் ஏர்போர்ட்டில் பிடித்துவைப்பார்கள். வீட்டுக்கு ஆயுசு முடிந்ததா இல்லையா என்று நீயே கையில் எடுத்துப் பார்த்துச் சொல்.

நம் வீட்டில் மட்டும் பஞ்சை எடுத்தால் போதாது, உத்திரம் ஒன்று, காற்றும் ஒன்று. ஆகவே ஒரு சருவத்தில் அந்த நனைந்த பஞ்சையும் உளுத்த மரத்தூளையும் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். இரண்டு வாரம் ஆயிற்று. ஐந்தாம் வீட்டில், “நீதானே மொதல்ல அடைச்ச” என்று கேட்டார்கள். ஆமாம், நான்தான், அதனால்தான் நானே வந்திருக்கிறேன் என்றேன், சருவத்தை வாங்கிப் பார்த்துவிட்டுச் சம்மதித்தார்கள். ஒன்பதாம் வீடு பூட்டிக் கிடக்கிறது, அவர்கள் துபாயில் இருக்கிறார்கள், வாட்ஸப்பில் கேட்டதற்குக் கைகூப்பிய படம் ஒன்று வந்தது. அது சரி என்றா, ஆளை விடு என்றா என்று யாருக்கும் புரியவில்லை. சரி என்றே எடுத்துக்கொண்டோம். மெஹ்ருன்னிசாவிடம்தான் நான் கொஞ்சம் தடுமாறினேன். “அக்கா, சஃப்னா இப்போ குமரியாயாச்சு, நாங்க வீட்டுக்குள்ள பேசுறது ஊருக்கு எதுக்குக் கேக்கணும்?” என்றாள். அவள் சொன்னதில் நியாயம் இருக்கிறது, அந்த நியாயத்தில்தானே அன்று நானும் அடைத்தேன். மரியான் அண்ணன் யோசித்து, பழைய பலகைகளைக் கீறிச் சாய்வான சட்டங்களாக அடுக்கி ஒரு தடுப்பு செய்தார். காற்று தாராளமாகப் போகும், மெல்லப் பேசும் பேச்சு அங்கேயே நின்றுவிடும், சத்தமாகக் கூப்பிட்டால் மட்டும் கேட்கும். முதலில் நம் வீட்டில் வைத்து, அவள் மகள் சஃப்னாவை இரண்டாம் வீட்டில் உட்காரவைத்துப் பேசிப் பார்த்தோம். அதற்குப் பிறகு மெஹ்ருன்னிசாவே தன் வீட்டுச் சாக்கை இழுத்துக் கீழே போட்டாள்.

அனீஷும் வந்தார். நான் கூப்பிடவில்லை, அவராகவே நாலு ஆட்களோடும் இரும்பு முட்டுகளோடும் வந்து, கூரையை இரண்டு விரல் உயர்த்திப் பிடித்துக்கொடுத்தார். மரியான் அண்ணன் உளுத்த முழத்தை அறுத்து எடுத்துவிட்டுப் புது அயனித் துண்டைக் கவ்வு வைத்துச் சேர்த்தார். “ஏழு வருசமா வீடு கெட்டுகேன் அம்மா, பஞ்சுச் சாக்கைக் காட்டி செவரு உப்பலுன்னு சொன்னது இதாக்கும் ஆத்யம்” என்று அனீஷ் சிரித்தார். போகும்போது மேற்குச் சுவரைத் தட்டிப் பார்த்து, “இதை இனிமே யாரும் கெட்டித் தரமாட்டாவ” என்றும் சொன்னார். சுவர் இப்போது காய்ந்துவிட்டது. மத்தியானத்தில் ஃபேன் இல்லாமல் இருக்க முடிகிறது.

இந்த லைனை நான் கோயில் என்று சொல்ல வரவில்லை. பன்னிரண்டு வீட்டுக்கு நாலு குழாய் வைத்தவர்கள்தான் இதைக் கட்டினார்கள். பெண்கள் குளிக்க ஒரே ஒரு மறைப்பு, ஷிப்டுக்கு நேரமாகிவிடும் என்று அங்கே நாங்கள் போட்ட சண்டை கொஞ்சமா. எட்டடியில் சுவரை நிறுத்தியதே முதலாளி செங்கல் மிச்சம் பிடிக்கத்தான் என்று மில்லில் சொல்வார்கள், இருக்கலாம், அந்த மிச்சத்தின் வழியாக நமக்குக் காற்று வந்தது, அவ்வளவுதான். மில் மூடும்போது அவரவர் இருந்த வீட்டை அவரவர் பெயருக்கு எழுதித் தந்தார்கள், இனிக் கெட்டதை நாம்தான் மாற்ற வேண்டும், நல்லதை நாம்தான் விடாமல் பிடிக்க வேண்டும். ஆகவே நீ வரைய வேண்டும் ஷிபா. இடிக்கமாட்டேன் என்றேனே தவிர இப்படியே கிடக்கட்டும் என்று சொல்லவில்லை. பின்பக்கம் அடுக்களையை ஒட்டித் தாழ்ந்த ஓட்டில் குளியலறையும் கக்கூசும் எப்படிச் சேர்க்கலாம் என்று பார், மழையில் நனையாமல் போய்வர வேண்டும், முட்டு வலிக்காரர்களுக்குப் படி இருக்கக் கூடாது. மேற்குச் சுவரைத் தொடாதே. எட்டடிக்கு மேலே செங்கல் வைக்காதே. நம் ஒரு வீட்டுக்கு மட்டும் வரைந்தால் எனக்கு வேண்டாம், பன்னிரண்டு வீட்டுக்கும் சேர்த்து வரை. மரியான் அண்ணனிடமும் மெஹ்ருன்னிசாவிடமும் என் மகள் வரைவாள் என்று நான் சொல்லியாயிற்று. உன்னைக் கேட்காமல் எப்படிச் சொன்னாய் என்று கேட்டால், நீ என்னைக் கேட்டா ஜேசிபிக்குச் சொன்னாய்?

இனி அந்த நாலு நாள் கணக்கு. போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நாலு மணி இருக்கும், காப்பிக்குப் பால் வைத்துக்கொண்டு நின்றேன், இருமல் பிடித்துக்கொண்டது. மில் இருமல் உனக்குத் தெரியும், பிடித்தால் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க வேண்டும். கை தவறிக் கரண்டி கீழே விழுந்தது. அது உருண்டு நிற்பதற்குள் மேலேயிருந்து பிரிஜா, “அம்மே, என்னாச்சு?” என்றாள். எனக்குப் பதில் சொல்ல மூச்சு வரவில்லை. உடனே அவள் அந்தப் பக்கம் திரும்பிச் சத்தம் கொடுத்திருக்கிறாள், மூன்றாம் வீட்டில் “யாரு, மொத வீடா?” என்று கேட்கிறது, நாலாம் வீட்டில் மெஹ்ருன்னிசா “அல்லாவே, கதவு பூட்டிக் கெடக்கா பாரு” என்கிறாள், அப்படியே தள்ளித் தள்ளிப் போய் ஏழாம் வீட்டில் மரியான் அண்ணன் படுத்த பாயில் இருந்தபடி, “ஏ வியாகுலம், உயிரோட இருக்கியா?” என்று கத்துகிறார். நான் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு இருக்கேன் என்று சொல்வதற்குள் பிரிஜா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நம் அடுக்களையில் நிற்கிறாள், பொங்கி வழிந்த பாலை அவள்தான் இறக்கினாள். பயப்படாதே, மறுநாள் டாக்டரிடம் போனேன், புது மருந்து எழுதியிருக்கிறார், இப்போது பரவாயில்லை. அவள் போன பிறகு நான் அடுப்படியிலேயே உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன். பத்தொன்பது வருஷம் பஞ்சை அடைத்து வைத்துக்கொண்டு இருந்திருக்கிறேன். உன் அப்பா போன பிறகு இந்த வீட்டுக்குள் நான் தனி என்று நீ நினைத்தது பொய் இல்லை, என்னைத் தனியாக்கியது அந்த ஒன்பது சாக்குதான். அன்றைக்கு ஊரே என் தலைக்கு மேல் பேசுகிறது என்று நீ அழுதாய். இப்போது உன் அம்மாவின் தலைக்கு மேல் ஊர் பேசுகிறது மக்கா, நீ அங்கே நிம்மதியாகத் தூங்கு. நான் எப்படி இருக்கிறேன் என்று அங்கிருந்து பார்க்க, இந்த வீட்டுக்குள் மாட்ட என்று நீ வாங்கி வைத்திருக்கிற கேமராவைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடு.

மருமகன் வெயிலில் சுற்றுகிறவர், மோர் நிறையக் கொடு. ஜாஸ்பினுக்கு முன்பல் முளைத்ததும் ஒரு போட்டோ அனுப்பு. நீ கோபத்தைச் சாப்பாட்டில் காட்டாதே, நேரத்துக்குச் சாப்பிடு, அந்தக் குணம் மட்டும் என்னிடமிருந்து உனக்கு வர வேண்டாம். அப்பாவின் ஆசீரும் மாதாவின் காவலும் உங்கள் மூன்று பேரோடும் என்றும் இருக்கட்டும். பிளானைக் கிறிஸ்மஸுக்கு முன்னால் முடித்துவிடு, நீயே கையில் கொண்டு வா. வருகிற நேரத்தைப் போனில் சொல்ல வேண்டாம். உள்ளே வந்து பையை வைத்துவிட்டு அம்மா என்று ஒருமுறை சத்தமாகக் கூப்பிடு, நான் குழாயடியில் இருந்தாலும் பன்னிரண்டாம் வீட்டில் இருந்தாலும் எனக்குத் தகவல் வந்துவிடும்.

இப்படிக்கு,
உன் அம்மா
வியாகுலம்மாள் டைட்டஸ்
முதல் வீடு